மண்ணீரலுக்கு சீ.டி. (CT) ஸ்கேன்: மட்டக்களப்பு நகரத் தனியார் நிலையம் ஒன்று

படம் நல்ல தெளிவு, பிழை நேரத்தில்தான். மண்ணீரலில் கட்டியா என்று கேட்டு அனுப்பிய சீட்டுக்கும், கொன்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் இரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் ஊசிமருந்து) ஏற்றி 30 செக்கனில் ஒரே தடவை எடுத்துவிட்டு எழும்பச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் சுகமான மண்ணீரலும் வரிக்குதிரைத் தோல் மாதிரிக் கோடு கோடாகத்தான் தெரியும், ஏனென்றால் அதற்குள் இரத்தம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதைக் கட்டியென்று எழுதினால் ஒரு வீடே கலங்கிப்போகும். 70 செக்கனில் இன்னொரு தடவை எடுத்தால் கோடுகள் கலைந்து ஒரே நிறமாகிவிடும். அப்போதும் கறுப்பாக நிற்கும் திட்டைத்தான் பார்க்க வேண்டும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். அஞ்சியோசார்கோமா என்ற இரத்தக்குழாய்ப் புற்றுநோய் மிக அரிது, ஆனால் பொல்லாதது: உள்ளே இரத்தக்கசிவு, ஒழுங்கில்லாமல் மருந்தை உறிஞ்சும் திட்டுகள், பல வேளை ஈரலிலும் கட்டி. சாதாரண இரத்தக்குழாய்க் கட்டியிலிருந்து இதைப் பிரித்தறிய 3 முதல் 5 நிமிடத்தில் எடுக்கும் பிந்திய படம் உதவும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஊசிக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்கள், அது மெத்த நல்லது. பழைய ஸ்கேன்களை மட்டும் கேட்பதில்லை. கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து வருபவர்கள் அந்தப் பழைய படங்களையும் அவை பதிந்த சீடித்தட்டையும் (CD) கையோடு கொண்டுவந்து கொடுங்கள். திட்டு வளர்ந்திருக்கிறதா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.