120 டாலர் வாங்கிக்கொண்டு, ரீபூட் ஆனதும் காணாமல் போகிற ஐபி: உஷார்!

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் தளங்களில் சர்வர் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 120 டாலர் போய்விட்டது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் சர்வர், ஒரே நெட்வொர்க் கார்டு. மெயின் ஐபியோடு (நெட்வொர்க் முகவரி) இன்னும் ஐந்து ஐபிகளை அலியாஸாக, அதாவது அதே கார்டில் கூடுதல் முகவரிகளாகச் சேர்க்க வேண்டும், எப்போது பூட் ஆனாலும் ஐந்தும் தானாக வர வேண்டும். ஆர்டரிலேயே இதைத் தெளிவாக எழுதியிருந்தேன்.

வேலையை எடுத்த ஃப்ரீலான்ஸர், முடிந்தது என்று ஸ்க்ரீன் ஷேரில் ஒவ்வொரு ஐபியாக பிங் அடித்து (முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) காட்டினார். ஐந்தும் பதில் சொல்லின. "ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டேன். "லைவ் சர்வர் சார், வீணா எதுக்கு சைட்டை டவுன் பண்ணணும்? எல்லாம் ஸ்டார்ட்அப் ஃபைல்ல போட்டாச்சு" என்றார். நம் சைட் மேல் நம்மைவிட அக்கறையாக இருக்கிறாரே என்று தோன்றியது. அந்தப் பேச்சை நம்பித்தான் 120 டாலரையும் ரிலீஸ் செய்தேன்.

அப்புறம் கர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தபோது மூன்று ஐபிகள் வரவே இல்லை. மெயிலும் அதில் ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூட் ஆகும்போது படிக்கப்படும் செட்டிங்ஸ் ஃபைலான ஆர்சி.கான்ஃபைத் (rc.conf) திறந்தால் அலியாஸ்0, அலியாஸ்1, அடுத்து நேராக அலியாஸ்3! ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் 0, 1, 2 என்று வரிசையாகத்தான் தேடிக்கொண்டு போகும். நடுவில் ஓர் எண் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். மீதி வரிகள் இருந்தும் இல்லாததுதான். அப்படியானால் அன்று பிங் எப்படி வந்தது? ஐபிகளைச் சேர்க்கும் ஐஎஃப்கான்ஃபிக் (ifconfig) கமாண்டைக் கையால் அடித்து ஏற்றியிருக்கிறார். அது அடுத்த ரீபூட் வரைக்கும்தான். ஒரு ஐபி எந்த சப்நெட்டை (நெட்வொர்க்கின் உட்பகுதி) சேர்ந்தது என்று குறிக்கும் நெட்மாஸ்க்கும் தப்பு. ஒரே சப்நெட்டில் வரும் அலியாஸுக்கு 255.255.255.255 என்று ஃப்ரீபிஎஸ்டியின் அதிகாரபூர்வ கையேடான ஹேண்ட்புக்கிலேயே இருக்கிறது. இவர் எல்லாவற்றுக்கும் 255.255.255.0 போட்டிருக்கிறார்.

கேட்டால், "ஹோஸ்டிங் பக்கம் பிரச்சினையா இருக்கும், அவங்களைக் கேளுங்க" என்கிறார். ஃபைலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான டிக் விழுந்தது, பதில் இல்லை. தளத்திடம் போனால், "உங்கள் ஒப்புதலுடன் பணம் விடுவிக்கப்பட்டுவிட்டது, ஆர்டர் முடிந்தது" என்று ஒரே பதிலை மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். விடுபட்டது ஒரே ஓர் எண். அதைத் திருத்திக் கொடுக்கக்கூட மனசு வராதவருக்கு 120 டாலர்!

விவரமாக எழுதும் நிதானம் இப்போது இல்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பிங் வருகிறது என்று பணம் கொடுக்காதீர்கள். ஆர்சி.கான்ஃப் வரிகளைக் காட்டச் சொல்லுங்கள், அலியாஸ் எண்கள் 0-லிருந்து விடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். கன்சோல் அக்சஸை (நெட்வொர்க் வராவிட்டாலும் சர்வருக்குள் நுழையும் வழி) கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரே ரீபூட் செய்யச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ரிலீஸ் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.