மூன்றரை வருடம் கட்டிய ஓட்ட வாட்ச்: மணிக்கட்டு சொன்ன 172

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி இந்த வருடம் முதல்முறையாக அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். போன வாரம் ஒரு கடை விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பி, "அக்கா, நீங்க கட்டியிருக்கிற அதே வாட்ச். 549 வெள்ளியிலிருந்து 329-க்கு இறக்கிட்டாங்க. வாங்கிடலாமா?" என்று கேட்டாள். (வெள்ளி என்றால் இங்கே டாலர்.) அன்றைக்கே பதில் போட்டிருந்தால் "வாங்கிடும்மா" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இன்று காலை நடந்ததற்குப் பிறகு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

ஓடும்போது இதயத் துடிப்பை அளக்க நான் மார்பில் கட்டும் பட்டையின் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்ற அந்தக் காசு பேட்டரி வீட்டில் வேறு இல்லை. சரி, ஒருநாள்தானே, மணிக்கட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று சுற்றினால் 4.3 கிலோமீட்டர். முதல் சுற்று முடிவதற்குள், வாயை மூடிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில், வாட்ச் என் துடிப்பை நிமிடத்துக்கு 174 என்று காட்டியது. எனக்கு 46 வயது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் அந்தப் பழைய கணக்கின்படி என் இதயம் போகக்கூடிய உச்சமே 174. உச்சத்தில் இருப்பவளால் பக்கத்தில் நடப்பவருக்குக் காலை வணக்கம் சொல்ல முடியுமா? நான் சொன்னேன்.

இந்த வாட்சை 2022 மே மாதம் வாங்கினேன். இதுவரை 5,400 கிலோமீட்டருக்கு மேல் என்னோடு ஓடியிருக்கிறது. இரண்டு அரை மாரத்தான், இரண்டு முழு மாரத்தான். திரை அளவு, எடை, நீரைத் தாங்கும் ஆழம் எல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதையெல்லாம் நான் திரும்ப எழுதப்போவதில்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் ஓடியும் புதிதில் எட்டு நாள் சார்ஜ் நிற்கும். இப்போது ஐந்து நாள் நிற்கிறது. ஜிபிஎஸ் மரத்தடியிலும் பெரிதாகத் தடுமாறாது. மரினா பே, ஷென்டன் வே பக்கம் உயரக் கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் தூரம் கூடும். 42.195 கிலோமீட்டர் மாரத்தானை இது 42.9 என்று எழுதியது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, என் கூட்டாளிகள் எல்லோருடைய வாட்சும் அங்கே கொஞ்சம் கூடவே காட்டியது. தொடுதிரை இல்லாமல் ஐந்து பொத்தான்கள் இருப்பது இந்த ஊர் வியர்வைக்குப் பெரிய வரம். ஒரு பொத்தான் மட்டும் போன வருடம் உப்பு படிந்து சிக்கிக்கொண்டது. பழுதுபார்க்க ஒன்பது நாள், 60 வெள்ளி. அதற்குப் பிறகு ஓடி வந்ததும் குழாய்த் தண்ணீரில் பொத்தான்களை அழுத்தி அழுத்திக் கழுவுகிறேன். மறுபடி சிக்கவில்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் அதன் அதிர்வு. நான் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பவள். ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், பரப்பிய முறை அது. நடக்க வேண்டிய நேரத்தில் வாட்ச் நீளமாக இருமுறை அதிரும், ஓட வேண்டிய நேரத்தில் குட்டையாக ஒருமுறை. திரையைப் பார்க்கவே வேண்டாம். இங்கே வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் வரும். 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதே வருடம்தான் இந்த ஊரின் முதல் மாரத்தானும் நடந்தது. வெயிலுக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு அந்த அரை மணி கூடுதல் இருட்டு பெரிய உதவி. அந்த இருட்டில் யாரோ நம் கையைத் தொட்டு "போதும், நட" என்று சொல்வது போல இருக்கும்.

2023-இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, நவம்பர் 12. டிசம்பர் மாரத்தானுக்கு மூன்றே வாரம், பயிற்சி அட்டவணையில் அன்றைக்கு 32 கிலோமீட்டர். எண்ணெய்க் குளியலுக்குள் வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அதிகாலை இரண்டு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்குப் போனேன். கடலில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு வரிசை, சாங்கியில் இறங்க வரும் சரக்கு விமானம், அப்புறம் நானும் இந்த அதிர்வும். 27-ஆவது கிலோமீட்டரில் தொடை இறுகி, இனி நடந்தே போய்விடலாம் என்று நினைத்தபோது அந்தக் குட்டை அதிர்வு வந்தது. கால் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறரைக்குள் வீட்டுக்கு வந்து, தலையில் எண்ணெய் வைத்தபோது கையிலிருந்து வாட்சைக் கழற்ற மறந்திருந்தேன். இந்த ஒன்றுக்காகவே 549 வெள்ளியும் தகும் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன்.

இனி இதயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனார். எனக்கு அப்போது 19 வயது. நான் ஓட ஆரம்பித்ததே அதனால்தான், அதுவும் நாற்பதைத் தாண்டிய பிறகு. கையில் துடிப்பைக் காட்டும் வாட்ச் வேண்டும் என்று தேடி வாங்கியதும் அதனால்தான். அப்படிப்பட்டவளுக்கு மெதுவோட்டத்தில் 172, 170, 173 என்று தினமும் காட்டினால் என்ன ஆகும்? நான் பயந்தேன். வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் 170. நடந்தேன், 110 ஆகியது. மறுபடி ஓடினேன், மறுபடி 170. இந்தச் சூட்டிலும் புழுக்கத்திலும் துடிப்பு பத்துப் பதினைந்து கூடுவது சாதாரணம் என்று சொன்னார்கள், அதனால் எண்ணை நம்புவது இன்னும் எளிதாகிவிட்டது. ஓய்வு, உடற்தகுதி போன்றவற்றையும் வாட்ச் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறது. "72 மணி நேரம் ஓய்வெடுங்கள்." "உங்கள் உடற்தகுதி குறைந்து வருகிறது." வாரா வாரம் தூரம் கூட்டிக்கொண்டிருந்தவளிடம் அது சொன்னது இது.

2022 டிசம்பர் அரை மாரத்தானில் பாதித் தூரத்தை இந்த எண்ணுக்குப் பயந்து நடந்தே கடந்தேன். அதன் பிறகு இதய மருத்துவரிடம் போய், ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொண்டேன். ஒன்றுமில்லை, தாராளமாக ஓடலாம் என்று சொல்லி அனுப்பினார். நிம்மதியாக வந்து மறுநாள் ஓடினேன். 171.

என் நாத்தனார் தாதியாக (நர்ஸாக) இருக்கிறார். 2023 ஆகஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது, "அண்ணி, மெஷினை விடுங்க. கழுத்துல ரெண்டு விரலை வெச்சு 15 விநாடி எண்ணுங்க, நாலால பெருக்குங்க" என்றார். அந்த ஞாயிறு ரயில் பாதையில் ஓடினேன். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 2011-இல் மலாயா ரயில் நின்ற பிறகு நடக்கவும் ஓடவும் விட்டுவிட்ட பாதை. அப்பா ஈப்போவில் இருந்த அத்தையைப் பார்க்க அந்த ரயிலில்தான் எங்களை அழைத்துப் போவார். புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலத்தருகே வாட்ச் 172 காட்டியது. நின்றேன். தாடைக்குக் கீழே விரலை வைத்தேன். வியர்வையில் விரல் வழுக்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். 15 விநாடியில் முப்பத்தைந்து. நாலால் பெருக்கினால் 140. கையைப் பார்த்தேன். இன்னும் 172. கொஞ்ச நேரம் கையை அசைக்காமல் நின்றதும் அது 172-இலிருந்து ஒரே தாவலில் 136-க்கு வந்தது. ஆரோக்கியமான இதயம் அப்படித் தாவாது. அப்புறம்தான் இன்னொரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று காட்டும் பக்கம். 172.

பதினைந்து மாதம் என் காலடியை எண்ணி, இதயம் என்று காட்டியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கைத் தோலுக்குள் அடிக்கிறார்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். ஓடும்போது கை வீச்சிலும் காலடி அதிர்ச்சியிலும் மணிக்கட்டுத் தோலும் ரத்தமும் வாட்சும் சேர்ந்து ஆடுகின்றன. வியர்வையில் வாட்ச் வழுக்கினால் ஆட்டம் இன்னும் கூடும். அந்தத் தாளம் இதயத் தாளத்தை அமுக்கிவிட்டால், வாட்ச் தவறான தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. 172 என்பது ஓடுகிறவருக்கு வரக்கூடிய துடிப்புதான் என்பதால் அதற்குச் சந்தேகமும் வருவதில்லை. கருத்த தோலில் இருக்கும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அதனால்தான் எனக்கு மட்டும் இப்படியோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் என்னோடு ஓடும் சீனத் தோழிக்கும் வேறு வாட்சில் இதே சிக்கல் இருக்கிறது.

கடை முகப்பில் கேட்டேன். "மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி, இறுக்கமாகக் கட்டுங்கள்" என்றார்கள். கட்டினேன். விரல் மரத்துப்போகும் அளவுக்குக் கட்டினால் முதல் இரண்டு கிலோமீட்டர் சரியாக வரும், வியர்த்ததும் பழையபடி. மறுபடி போனேன். கையேட்டைத் திறந்து, ஓடும்போது துல்லியம் மாறலாம் என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரி இருக்கிறது, உண்மை. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் இதயப் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் அந்த வரி இல்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், மணிக்கட்டில் ஒளியை வைத்து அளப்பதே கடினமான காரியம். அதை ஒத்துக்கொள்கிறேன். உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இது சொல்வது நாத்தனாரின் ரத்த அழுத்தக் கருவி காட்டும் துடிப்போடு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு. காலடியையும் துடிப்பையும் அளப்பது ஒரே வாட்ச். இரண்டு எண்ணும் இருபது நிமிடம் ஒட்டிக்கொண்டே போனால் அதற்குத் தெரியாதா? இரண்டு கோடு போட்டு, "இப்போது சொல்ல முடியவில்லை" என்று காட்டியிருந்தால் போதும். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டது, அதுவும் அப்பாவை இதயத்துக்குப் பறிகொடுத்த ஒருத்தியிடம்.

அந்த வாரமே 95 வெள்ளிக்கு மார்புப்பட்டை வாங்கினேன். அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. மின்முனை ஈரமாக இருக்க வேண்டும். குளிரூட்டிய ஜிம்மில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்ள வேண்டும், வெளியே இரண்டே நிமிடத்தில் நம் ஊர் அதை நனைத்துவிடும். விலாவில் உராயும், வாரம் ஒருமுறை உப்பு போகக் கழுவ வேண்டும், இன்றைக்குப் போல பேட்டரி திடீரென்று தீரும். ஆனால் உண்மையைச் சொல்லும். முதல்நாளே என் மெதுவோட்டம் 138 முதல் 145 என்று தெரிந்தது. பயமில்லாமல் ஓடினேன். அந்த டிசம்பரில் முதல் முழு மாரத்தானை 5 மணி 51 நிமிடத்திலும், அடுத்த வருடம் 5 மணி 22 நிமிடத்திலும் முடித்தேன்.

அப்பா ஓட்டக்காரர் இல்லை, ஆனால் பி. சி. சுப்பையாவின் பெயரைச் சொல்லாத நாள் இருக்காது. 1973-இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 விநாடியில் ஓடி அவர் வைத்த சாதனை 2014 வரை இந்த ஊரில் நின்றது. அப்பா சொல்லிச் சொல்லி அந்த எண் எனக்கு மனப்பாடம். கம்பியில்லாமல் துடிப்பைக் காட்டும் வாட்ச் கடைக்கு வந்ததே 1980-களில்தான். சுப்பையா தன் மூச்சைக் கேட்டுத்தான் ஓடியிருப்பார். நானும் என் மூச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பதினைந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே தங்கச்சிக்கு என் பதில்: வாங்காதே. பேட்டரி நல்லது, ஜிபிஎஸ் நல்லது, அந்த அதிர்வைப் போல ஒன்று எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை, இருந்தாலும் வாங்காதே. என் வாட்சை நான் விற்கப்போவதில்லை, உடைந்தால் ஒருவேளை இதையே திரும்ப வாங்கினாலும் வாங்குவேன். நாளைக்குக் கேட்டிருந்தால் வேறு மாதிரிகூடச் சொல்லியிருப்பேன். இன்றைக்கு 174-ஐப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே காலுக்குக் கீழே வந்துவிடும்மா. மார்புப்பட்டையைக் கழுவி, புது பேட்டரி போட்டு எடுத்து வருகிறேன். அதை நீ கட்டிக்கொள், உன் ஃபோனோடு இணைத்துத் தருகிறேன். என் வாட்சையும் கையில் கட்டிக்கொள். பிடோக்கில் ஒரு சுற்று ஓடுவோம். இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டினால் நின்று, கழுத்தில் விரலை வைத்து நீயே எண்ணிப் பார்.