போர்ட் வழியா, டேக் வழியா: விலான் அமைப்பதிலும் சோதிப்பதிலும் ஓர் ஒப்பீடு

ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கும் கருவிகளைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்தின் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் செய்தி) இன்னொன்றின் காதில் விழாமல் தடுப்பதுதான் விலான் எனப்படும் மெய்நிகர் உள்ளகப் பிணையத்தின் வேலை. இதைச் செய்ய இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. போர்ட்டுகளை மட்டும் குழுக்களாகக் கட்டுவது ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது பிணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும், விலான் எண்ணைப் பொறிக்கும் 802.1க்யூ முறை மற்றொன்று. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அமைப்பில் பிழை நேர்ந்தால் அது நம் கண்ணில் படுமா, படாமல் ஒளிந்துகொள்ளுமா என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். விலானில் வேலை செய்யாத அமைப்பை அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். வேலை செய்வதுபோல் தோன்றிக்கொண்டே கசிந்துகொண்டிருக்கும் அமைப்புதான் ஆபத்தானது.

போர்ட் அடிப்படையிலான முறை எளிமையானது. எட்டு போர்ட் கொண்ட சிறிய ஸ்விட்சில் 1 முதல் 4 வரை ஒரு குழு, 5 முதல் 8 வரை மற்றொரு குழு என்று குறித்தால் வேலை முடிந்தது. ஃபிரேமில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. எந்தப் போர்ட்டிலிருந்து எந்தப் போர்ட்டுக்குப் போகலாம் என்ற அனுமதி அட்டவணை மட்டுமே ஸ்விட்சுக்குள் இருக்கிறது. இம்முறையை ஏற்கும் பல ஸ்விட்சுகளில் ஒரே போர்ட்டை இரண்டு குழுக்களிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. இணைய ரவுட்டர் செருகிய போர்ட்டை இரு குழுக்களுக்கும் பொதுவாக வைத்துவிட்டால், இரு தரப்புக்கும் இணையம் கிடைக்கும். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ரவுட்டருக்கு விலான் என்ற சொல்லே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. இரு குழுக்களும் ஒரே சப்நெட்டில் (ஐ.பி. முகவரித் தொகுதியில்), ஒரே டி.ஹெச்.சி.பி. சேவையகத்திடம் முகவரி வாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு குழுவுக்குத் தனி ஃபயர்வால் விதி வேண்டுமென்றால் இங்கே வழியில்லை. இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், குழுவுக்கு ஒரு கேபிள் வீதம் இரண்டுக்கும் இடையே இழுக்க வேண்டும். மூன்று குழுக்கள் என்றால் மூன்று கேபிள், ஆறு போர்ட்டுகள் வீண். ஒரே அணுகல் முனையிலிருந்து பல வைஃபை பெயர்களைத் தனித்தனி விலான்களுக்கு அனுப்ப எண்ணுவோருக்கு இந்த முறை உதவவே உதவாது.

மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 1998இல் வெளியிட்ட 802.1க்யூ தரநிலை இந்தச் சிக்கலை ஃபிரேமுக்குள்ளேயே தீர்க்கிறது. அனுப்புநரின் மேக் முகவரிக்கு (பிணைய அட்டையின் வன்பொருள் முகவரி) அடுத்தபடியாக 4 பைட் அளவுள்ள டேக் செருகப்படுகிறது. அதன் முதல் 2 பைட்டுகள் பதினறும எண் 8100. இது டேக் இருப்பதற்கான அடையாளம். மீதி 2 பைட்டுகளில் 3 பிட் முன்னுரிமைக்கும், 1 பிட் நெரிசலில் கைவிடத்தக்க ஃபிரேமைக் குறிப்பதற்கும், 12 பிட் விலான் எண்ணுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. 12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும் என்றாலும் 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரைதான் நமக்குக் கிடைக்கும். சிஸ்கோ நிறுவனம் தன் ஸ்விட்சுகளில் முன்பு பயன்படுத்திய ஐ.எஸ்.எல். முறை, ஃபிரேம் முழுவதையும் 30 பைட் கூடுதல் உறையில் போட்டு அனுப்பியது. அதனோடு ஒப்பிட்டால் 4 பைட் டேக் சிக்கனமானது. எல்லா நிறுவனங்களின் ஸ்விட்சுகளுக்கும் பொதுவானது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் டிரங்க் என்றால் பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு. ஹெச்.பி. புரோகர்வ் வகை ஸ்விட்சில் அதே சொல், பல கேபிள்களை ஒன்றாகக் கட்டிய இணைப்பைக் குறிக்கும். சிஸ்கோவின் டிரங்கை அங்கே டேக்டு போர்ட் என்பார்கள். இரு நிறுவனங்களின் ஸ்விட்சுகள் கலந்திருக்கும் அலுவலகத்தில் "அந்தப் போர்ட்டை டிரங்க் ஆக்கிவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பிழையை வெளிக்காட்டும் விதத்தில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்போம். போர்ட் முறையில் அமைப்பதற்கு ஒரே ஒரு அட்டவணைதான் உண்டு. அதில் தவறினால் தொடர்பு அறுந்துபோகும், அல்லது தொடர்பு வெளிப்படையாகத் தெரியும். 802.1க்யூ முறையில், குறிப்பாக உலாவி வழியாக அமைக்கும் மலிவு ஸ்விட்சுகளில், ஒரே செய்தியை இரண்டு பக்கங்களில் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு போர்ட் எந்தெந்த விலான்களில் உறுப்பினர் என்பது ஒரு பக்கம். அந்தப் போர்ட்டுக்குள் டேக் இல்லாமல் வரும் ஃபிரேமை எந்த விலானில் சேர்ப்பது என்பதைச் சொல்லும் பி.வி.ஐ.டி. எண் இன்னொரு பக்கம். முதலாவது வெளியேறும் ஃபிரேமை ஆள்கிறது, இரண்டாவது உள்ளே வரும் ஃபிரேமை ஆள்கிறது. சிஸ்கோ வகைக் கட்டளை இடைமுகத்தில் ஆக்சஸ் போர்ட் (ஒரே விலானுக்குரிய போர்ட்) என்று அறிவித்து எண்ணைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே மாறிவிடும்; அதனால் கட்டளைக்குப் பழகியவர்கள்தாம் உலாவிப் பக்கத்தில் அதிகம் சறுக்குகிறார்கள்.

நானும் அப்படிச் சறுக்கியிருக்கிறேன். 5 முதல் 8 வரையுள்ள போர்ட்டுகளை விலான் 20இல் சேர்த்து, விலான் 1இலிருந்து நீக்கிவிட்டு, பி.வி.ஐ.டி. பக்கத்தைத் திறக்கவே மறந்துவிட்டேன். அங்கே எல்லாப் போர்ட்டுக்கும் எண் 1 என்றே இருந்தது. 5ஆம் போர்ட் மடிக்கணினியிலிருந்து 1ஆம் போர்ட் மடிக்கணினிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) செய்தேன், போகவில்லை, எதிர்த்திசையிலும் போகவில்லை. பிரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆனால் 1ஆம் போர்ட்டில் ஃபிரேம்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த திரையில், 5ஆம் போர்ட் கணினியின் ஏ.ஆர்.பி. வினவல்கள் (ஐ.பி. முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்பவை) நொடிக்கு ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. 5இலிருந்து வருவதையெல்லாம் ஸ்விட்ச் விலான் 1இல் போட்டு எதிர்ப்பக்கம் அனுப்பியது. பதில் மட்டும், 5ஆம் போர்ட் விலான் 1இன் உறுப்பினர் இல்லை என்பதால் வெளியேற முடியாமல் நின்றது. ஒருவழிக் கசிவு. உள்வரும் ஃபிரேமின் விலானில் அந்தப் போர்ட் உறுப்பினரா என்று சரிபார்க்கும் வடிகட்டல் இருந்திருந்தால் வினவலே உள்ளே நுழைந்திருக்காது; அந்த ஸ்விட்சில் அது இயங்கவில்லை. பிங்கை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

ஆகவே சோதனை முறைகளையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். பலரும் செய்யும் சோதனை இதுதான்: விலான் 10இல் உள்ள கணினிக்கு 192.168.10.5, விலான் 20இல் உள்ளதற்கு 192.168.20.5 என்று முகவரி கொடுத்து, பிங் போகவில்லை என்றதும் நிம்மதி அடைவது. இந்தச் சோதனை எதையும் நிறுவுவதில்லை. சப்நெட்டுகள் வேறாக இருந்து இடையில் ரவுட்டர் இல்லாவிட்டால், விலானே இல்லாத சாதாரண ஸ்விட்சிலும் அந்தப் பிங் போகாது. கணினி எதிராளியின் மேக் முகவரியைத் தேடிக்கூடப் பார்க்காது. இரண்டு கணினிகளுக்கும் வேண்டுமென்றே ஒரே சப்நெட் முகவரிகளைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பிங் போகவில்லை என்றால்தான் ஸ்விட்ச் பிரிக்கிறது என்று பேசத் தொடங்கலாம். அப்போதும் கணினியின் சொந்த ஃபயர்வால் பிங்கை விழுங்கியிருக்கலாம். விண்டோஸில் இது அன்றாடம் நடப்பது.

கணினி அறிந்துகொண்ட மேக் முகவரிகளைக் குறித்துவைக்கும் ஏ.ஆர்.பி. அட்டவணை இதைவிட நம்பத்தக்கது. ஃபயர்வால் பிங்கைத் தடுத்தாலும் ஏ.ஆர்.பி. வினவலுக்குக் கணினி பதில் சொல்லிவிடும். எனவே பிங் தோற்ற பின்னும் அட்டவணையில் எதிராளியின் மேக் முகவரி இடம்பெற்றிருந்தால், விலான் பிரிக்கவில்லை, ஃபயர்வால்தான் மறைத்திருக்கிறது என்று பொருள். பதிவு முழுமையடையாமல் நின்றிருந்தால் பிரிவு நடந்திருக்கிறது. ஆனால் இரு கணினிகளிலும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஒருவழிக் கசிவில் 5ஆம் போர்ட் கணினியின் அட்டவணை காலியாகவே இருந்தது; 1ஆம் போர்ட் கணினியின் அட்டவணையில்தான் எதிராளியின் முகவரி உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வழியான ஃபிரேம் பிடிப்புதான் இறுதித் தீர்ப்பு. நேரம் பிடிக்கும், உண்மைதான். எதிர்ப்பக்கத்துப் போர்ட்டில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து பிராட்காஸ்ட் கிளப்பிப் பார்க்க வேண்டும். டிரங்க் இணைப்பில் டேக்கையே கண்ணால் பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் பல பிணைய அட்டைகளின் டிரைவர்கள் டேக்கை உரித்துவிட்டே ஃபிரேமை மேலே தருகின்றன. அதைப் பார்த்து ஸ்விட்ச் டேக் போடவில்லை என்று ஸ்விட்சைக் குறை சொல்லக் கூடாது. லினக்ஸ் கணினியில் டி.சி.பி.டம்ப் கருவியை இணைப்பு அடுக்குத் தலைப்பையும் காட்டச் சொல்லி ஓட்டினால், விலான் எண் வரிக்கு வரி தெரியும்.

டிரங்குக்கு மட்டும் தேவைப்படும் இன்னொரு சோதனை ஃபிரேமின் அளவு. டேக் இல்லாத ஈதர்நெட் ஃபிரேமின் உச்ச அளவு 1518 பைட். டேக் சேர்ந்தால் 1522. இடையில் விலான் அறியாத பழைய ஸ்விட்ச் ஒன்று சிக்கியிருந்தால், சிறிய பிங் எல்லாம் தடையின்றிப் போகும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் தொங்கிவிடும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் சுமை கொண்ட பிங்கை அனுப்பினால், 28 பைட் தலைப்புகளோடு அது சரியாக 1500ஐ எட்டும். அது போய்ச் சேர்ந்தால் வழி முழுவதும் சரி.

விலான்களைப் பிரித்த பின் அவற்றுக்கிடையே வேண்டிய போக்குவரத்தை மட்டும் விட ரவுட்டிங் தேவைப்படுகிறது. அங்கே போட்டி, ஒரே கேபிளில் எல்லா விலான்களையும் ரவுட்டருக்கு ஏற்றி இறக்கும் முறைக்கும், மூன்றாம் அடுக்கு ஸ்விட்சுக்கும் இடையில். வேகத்தில் ஸ்விட்சே வெல்லும்; அது சிப்பிலேயே ரவுட்டிங் செய்கிறது. ஒற்றைக் கேபிள் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே கேபிளில் ஏறி, அதே கேபிளில் இறங்க வேண்டும். ஆனால் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியைக் கொண்டு ஒரு திசையில் மட்டும் அளந்தால் கிகாபிட் கேபிளில் சுமார் 940 மெகாபிட் வந்துவிடும். ஏறுவதும் இறங்குவதும் கேபிளின் இரு திசைகளையும் தனித்தனியே பயன்படுத்திக்கொள்வதால் குறை தெரியாது. இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால்தான் வேகம் பங்குபோவது தெரியும். இந்த முறைக்கு ஆதரவாக வெளியிடப்படும் அளவுகளில் ஒருவழி அளவு எது, இருவழி அளவு எது என்று கேட்பது நல்லது.

பாதுகாப்பில் கதை தலைகீழ். மூன்றாம் அடுக்கு ஸ்விட்சில் இரண்டு விலான்களுக்கும் ஐ.பி. முகவரி கொடுத்து ரவுட்டிங்கை இயக்கிய நொடியே, நாம் அரும்பாடுபட்டுப் பிரித்த இரண்டும் ஒன்றையொன்று எட்டத் தொடங்கிவிடும். தடுக்க அணுகல் பட்டியல் எழுத வேண்டும். அதுவும் பெரும்பாலும் நிலை நினைவில்லாதது (யார் தொடங்கிய தொடர்பு என்று நினைவில் வைக்காதது) என்பதால், திரும்பி வரும் பாக்கெட்டுக்கும் தனியே விதி தேவைப்படும். சாதாரண ரவுட்டரும் இயல்பில் கதவைத் திறந்துதான் வைத்திருக்கும். ஒற்றைக் கேபிளின் மறுமுனையில் பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் இருந்தால், புதிதாகச் சேர்த்த விலானிலிருந்து நாம் விதி எழுதும் வரை எதுவும் வெளியேறாது. ஸ்விட்ச் பிழையை மறைக்கிறது, ஃபயர்வால் பிழையை உடனே நம் முன் நிறுத்துகிறது. கோப்புச் சேவையகமும் அதைப் பயன்படுத்துவோரும் வெவ்வேறு விலான்களில் இருந்தால் மட்டுமே ஸ்விட்சின் வேகத்துக்காக இதை விட்டுக்கொடுப்பேன்.

பயிற்சிக்கு பாக்கெட் டிரேசர் போன்ற போலிச்சூழலா, கைவிடப்பட்ட பழைய ஸ்விட்சா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. கட்டளைகளை மனத்தில் பதிக்கப் போலிச்சூழல் போதும். ஆனால் பி.வி.ஐ.டி. மறதி, டேக்கை உரிக்கும் டிரைவர், 1522 பைட்டை விழுங்கும் ஸ்விட்ச் போன்றவை கையில் உண்மையான இரும்பு இருந்தால்தான் தென்படும்.

அப்படியானால் எதைத் தேர்வது? ஒரே ஸ்விட்ச், இரண்டே கூட்டங்கள், பொதுவான இணையம், இனி வளரப்போவதில்லை என்பது உறுதி என்றால் போர்ட் முறையைத் தயங்காமல் எடுக்கலாம். எளியது என்பதற்காக அதை இழிவாகப் பார்ப்பது தவறு. மற்ற எல்லா இடத்திலும் 802.1க்யூவைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஏ.ஆர்.பி. அட்டவணையை இரு பக்கமும் பார்க்கும் பொறுமை இல்லாதவர் அதைத் தொடக் கூடாது என்பது என் கருத்து.

டேக் முறையை எடுப்பவர் அமைக்கத் தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிஸ்கோ ஸ்விட்சில் டிரங்குக்குப் புதிய விலானைச் சேர்க்கும் கட்டளையில் "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதிய எண் மட்டுமே மிஞ்சும். நாம் நுழைந்த பாதையும் அதோடு போய்விடலாம். அங்கே "ரீலோட் இன் 10" என்று முன்கூட்டியே கட்டளையிட்டு, மாற்றங்களைச் சேமிக்காமல் வேலை செய்தால், மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரியென்றால் அந்த மறுதொடக்கத்தை மறக்காமல் ரத்து செய்ய வேண்டும். உலாவி வழி மலிவு ஸ்விட்சுகளில் இப்படிப்பட்ட வசதியை எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒரு போர்ட்டையாவது கடைசி வரை விலான் 1இலேயே, பி.வி.ஐ.டி. 1ஆகவே விட்டுவைத்து, மடிக்கணினியை அதில் செருகிக்கொண்டுதான் மற்றவற்றைத் தொட வேண்டும்.