“ஊற வையுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லும் பெர்ஃப்யூம் விற்பனையாளரிடம் கவனம்

பேக்கரி வாசனை வரும் பெர்ஃப்யூம் வாங்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நான் ஏமாந்துவிட்டேன். பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்டவர்கள் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். ஏமாற்றுகிற விதம் மட்டும் மாறாது, உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

இந்த வகை வாசனைமேல் எனக்குப் பல வருடப் பிரியம். ஓவனைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் சூடான வெண்ணெய் வாசம், ஓரம் சிவந்த மாவின் வாசம், இதெல்லாம் ஒரு பாட்டிலுக்குள் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? விளம்பரத்தில் “இப்போதுதான் சுட்டெடுத்த குரோசான், உப்பு வெண்ணெய், வெனிலா” என்று போட்டிருந்தார்கள். 100 மில்லி, ஓ டி பெர்ஃப்யூம் (வாசனை எண்ணெய் கூடுதலாக உள்ள வகை), 12 மணி நேரம் நிற்குமாம். சாம்பிள் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வந்த அன்று மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். முதல் 5 நிமிடம் குறையே சொல்ல முடியாது. வெண்ணெயும் வெனிலாவும் அப்படியே எழுந்தன. அரை மணி நேரத்தில் வெண்ணெய் இருந்த இடம் தெரியவில்லை. மிஞ்சியது சர்க்கரை மட்டும், அதுவும் கருகின சர்க்கரை. பக்கத்து அறையிலிருந்து வந்த தங்கை, “அக்கா, அடுப்புல ஏதாவது வெச்சிருக்கியா?” என்று கேட்டாள்.

வெள்ளைக் காகிதத்தில் ஒரு தடவை அடித்து வைத்தேன். ஆல்கஹால் கலந்த பெர்ஃப்யூம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும், எண்ணெய்ச் செறிவு அதிகமென்றால் லேசான தடம் தெரியலாம். இதுவோ மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருந்தது. பின்பக்க எழுத்து தெரியும் அளவுக்குக் காகிதம் கண்ணாடியாகியிருந்தது. அதே வட்டம் என் வெள்ளைச் சட்டைக் காலரிலும் விழுந்தது. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. அன்று மாலையே கழுத்தில் சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், உட்பொருள் பட்டியலில் வெறும் இரண்டு சொற்கள்: ஆல்கஹால், வாசனைப்பொருள்.

இது சின்ன விஷயம் இல்லை. பேக்கரி வாசனைகளில் பட்டை வாசத்துக்காகச் சின்னமால்டிஹைடு சேர்ப்பது வழக்கம். தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள் அது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சின்னமால்டிஹைடு, கூமரின் போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் தோலில் தங்கும் தயாரிப்பில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் சொல்லி அச்சிட வேண்டும். நல்ல பெர்ஃப்யூம் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் நீளமாக ஒரு பட்டியல் இருப்பது அதனால்தான். அந்தப் பட்டியலே இல்லாத பெட்டியை நம்பாதீர்கள்.

சரி, புகார் செய்தேன். பதில் உடனே வந்தது, மிக மரியாதையாக: “மேடம், இது புது பேட்ச். இன்னும் மெசரேட் ஆகவில்லை, அதாவது ஊறவில்லை. 3 வாரம் இருட்டான இடத்தில் வையுங்கள், வெண்ணெய் வாசம் தானாக எழும்பும்.”

நம்பினேன். காரணம், இதில் பாதி உண்மை. வாசனை எண்ணெய்க் கலவையை ஆல்கஹாலில் சேர்த்துச் சில வாரங்கள் ஊறவிடுவது பெர்ஃப்யூம் தயாரிப்பில் இருப்பதுதான். ஆனால் அது தயாரிப்பாளர் செய்யும் வேலை. ஊறவிட்டு, குளிரவைத்து, வடிகட்டி, அப்புறம்தான் பாட்டிலில் அடைப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டு அலமாரியில் முடிய வேண்டிய வேலை இல்லை அது.

திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த கெடு 10 நாள். அவர் காத்திருக்கச் சொன்னது 21 நாள். இந்தக் கணக்கு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

22ஆம் நாள் திறந்தேன். அதே கருகல். நிறம் மட்டும் தேன்போல இருந்தது பழுப்பாகியிருந்தது. கேட்டதற்கு, “வெனிலா சேர்ந்தால் அப்படித்தான் மேடம்” என்றார். இதுவும் உண்மைதான், வெனிலின் உள்ள பெர்ஃப்யூம் நாளாக ஆகக் கறுக்கும். ஆனால் நான் கேட்டது நிறத்தைப் பற்றி மட்டும் இல்லையே. கடைசியில், “உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை” என்றார். தோலுக்குத் தோல் வாசனை கொஞ்சம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். காகிதத்துக்கு ஏது தோல்? காகிதத்திலும் அதே கருகல்தான் வந்தது என்று படத்தோடு அனுப்பினேன். ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில். அதன் பிறகு பேச்சே இல்லை.

இந்த வாசனையில் ஏமாற்றுவது ஏன் இவ்வளவு சுலபம் என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1992இல் வந்த ஏஞ்சல் என்ற பெர்ஃப்யூம்தான் இந்த இனிப்பு வகையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அதில் எத்தில் மால்ட்டால் என்ற வெள்ளைத் தூளைத் தாராளமாகப் போட்டார்கள். பஞ்சுமிட்டாய் வாசம் அது. ஆனால் அந்த இனிப்பைத் திகட்டாமல் தாங்கிப் பிடிக்க பச்சௌலி என்ற செடி எண்ணெயின் மண்வாசம் இருந்தது. என் பாட்டிலில் அப்படித் தாங்குவதற்கு எதுவும் இல்லை, சர்க்கரை மட்டும்தான். வெண்ணெய்க்கு டைஅசிட்டைல் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் பொருளைப் போட்டால் முதல் சில நிமிடம் வாங்கியவரை மயக்கிவிடும். அந்தப் பால்மணம் நிலைக்க வேண்டுமென்றால் லாக்டோன்கள் என்ற, மெதுவாக ஆவியாகும் பொருட்கள் வேண்டும். மேலோடு சிவந்த வாசத்துக்குப் பைரசின்கள் வேண்டும், மிகமிகக் கொஞ்சமாக, தேர்ந்த கையால். ரொட்டி ஓவனில் சிவக்கும்போது மாவிலேயே உண்டாகும் வாசனைப் பொருட்கள் அவை. உழைப்பெல்லாம் அங்கேதான், போலிக்காரர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

அதனால் முதல் நிமிடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அரை மணி, 2 மணி, 6 மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். நடுவில் வெளிக்காற்றில் கொஞ்சம் நில்லுங்கள், இனிப்பு வாசம் மூக்கைச் சீக்கிரம் மரத்துப்போக வைக்கும். 2 மில்லி சாம்பிள்கூடத் தராதவரிடம் 100 மில்லி வாங்க வேண்டாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா பாருங்கள். என்னுடையதில் கடைசி இரண்டு எழுத்துகள் வேறு, அதை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், காத்திருக்கச் சொன்னால் முதலில் ரிட்டர்ன் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள், காத்திருப்பதெல்லாம் பிறகு.

கழுத்துத் தடிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. பணம் திரும்பி வரவில்லை. அந்த விளம்பரம் இன்னும் அதே படத்தோடு இருக்கிறது. அதன் கீழே புதிதாக ஒருவர், “வாசனை கருகின மாதிரி இருக்கிறது, என்ன செய்வது?” என்று நேற்றுக் கேட்டிருக்கிறார். 3 வாரம் ஊற வைக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறார்கள்.