புது வெக்டரா, பழைய ஜாவலினா, மலிவு ரேசரா?

டுபாயில் வேலை செய்கிற கொக்குவில் தம்பி ஒருவன் இந்த முறை லீவில் வந்தபோது ஒரு ரிக்கை, அதாவது குடைகளை மடித்து வைக்கிற பையும் உடம்பில் கட்டுகிற ஹார்னஸ் வார்களும் சேர்ந்த சாமானை, தோளில் போட்டுக்கொண்டே என் வீட்டு விறாந்தைக்கு வந்துவிட்டான். பரசூட் குதிக்கிற லைசன்ஸ் எடுத்தாயிற்று, இனி வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், அண்ணை பார்த்துச் சொல்லுங்கோ என்றான். நான் சுவிஸில் இருந்த காலத்தில் நிறையக் குதித்தவன் என்பது ஊருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்க வேறு ஆளும் இல்லை.

அவன் கையில் மூன்று வழி. ஒன்று, அளவு கொடுத்துப் புதிதாகத் தைப்பிக்கிற வெக்டர். இரண்டாவது, அவன் கொண்டுவந்த பழைய ஜாவலின். விற்கிறவர் பார்த்துவிட்டுக் காசு தரலாம் என்று நம்பிக் கொடுத்துவிட்டிருக்கிறார். மூன்றாவது, படத்தில் மட்டும் பார்த்த ஒரு ரேசர், விலை மிகக் குறைவு.

மூன்றும் பேர்பெற்ற அமெரிக்கக் கொம்பனிகளின் சாமான். வெக்டரையும் ரேசரையும் செய்கிற இரண்டு கொம்பனிகளும் புளோரிடாவின் டீலண்ட் என்ற ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஜாவலின் செய்கிற சன் பாத் வட கரோலினாவில். வழக்கமாக விரிக்கிற மெயின் குடை பழுதானால் அதைக் கழற்றி விடுவதற்கு மூன்றிலும் ஒரே ஏற்பாடுதான்: 1970களில் பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளையம். அதற்கு முன் இரண்டு தோளிலும் இருந்த உலோகப் பூட்டை மூடி திறந்து, விரலை விட்டு இழுக்க வேண்டும். சுழன்றுகொண்டு விழுகிறவனுக்கு அது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஒரு சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் சரி. பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம் என்று மடிந்து கிடப்பதால் ஆளின் முழுப் பாரமும் படிப்படியாகக் குறைந்து கடைசியில் ஒரு மெல்லிய நூல் கண்ணியில் வந்து நிற்கிறது. ஆகவே கழற்றுகிற விசயத்தில் எது மேல் என்ற கேள்விக்கே இடமில்லை. மாதத்துக்கு ஒருக்கால் வளையங்களைப் பிரித்து நாடாவை வளைத்து இளக்கி, அந்தக் கண்ணியைப் பூட்டுகிற, கைப்பிடியோடு வருகிற கேபிளைத் துடைத்து வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

வித்தியாசம், மெயின் பழுதானால் விரிக்கிற மாற்றுக் குடையான ரிசேர்வ் வெளியே வருகிற விதத்தில் இருக்கிறது. வெக்டரிலும் ஜாவலினிலும் ரிசேர்வை இழுத்தெடுக்கிற சின்னக் குடை மடிப்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், ஒரு பின்தான் அதைப் பூட்டி வைக்கும். ரேசரில் அந்தச் சின்னக் குடையின் மூடி வெளியே முதுகில் தெரியும், பூட்டுவது இரண்டு பின். மேலே மடிப்பு எதுவும் இல்லாததால் தடையில்லாமல் பாய்ந்து போகும் என்று ரேசர்காரர் சொல்வதில் ஞாயம் உண்டு, எனக்கும் அந்த வடிவமைப்பில் மரியாதை இருக்கிறது. ஆனால் அதைச் சரியாக மடித்து அடைக்கக் கை பழகின ரிக்கர், அதாவது குடை மடிக்கவும் திருத்தவும் தகுதி பெற்றவர், வேண்டும். உன் இடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேன். விசாரிக்கவில்லை என்றான். அப்போதே ரேசரை ஒதுக்கிவிட்டேன். படத்தைப் பார்த்து ஹார்னஸ் வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை.

புது வெக்டரில் ஸ்கைஹூக் வரும். கழற்றிவிட்ட மெயின் குடை போகிற போக்கில் ரிசேர்வையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு, இதுவும் பூத்தின் வேலைதான். ஜாவலினுக்கும் ஸ்கைஹூக் போட்டு வாங்கலாம், ஆனால் தம்பி கொண்டுவந்ததில் இல்லை. ரிசேர்வ் பின்னை மட்டும் இழுத்துவிடுகிற சாதாரண ஆர்எஸ்எல் நாடாதான் இருந்தது. உயரம் குறைவான நேரத்தில் ரிசேர்வ் சட்டென்று விரிவது பெரிய விசயம், புதியவனுக்கு அது பெறுமதியான காசு என்றே நினைக்கிறேன். இருந்தும் அதற்காக மட்டும் வெக்டருக்குப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏனென்றால் அளவு. சுவிஸில் நான் முதலில் வாங்கின ரிக் என்னைவிட நாலு விரல் உயரமான ஒருவருக்குத் தைத்தது. நிலத்தில் வாரை இறுக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, விற்றவரும் அச்சாவாக இருக்கிறது என்றார். மேலே குடை விரிந்து பாரம் தொங்கினதும் முழு ஹார்னஸும் மேலேறி, நெஞ்சு வார் தொண்டைக்கு வந்து, சிவப்புக் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லாமல் அக்குளுக்குப் பக்கத்தில் மடிந்து கிடந்தது. அன்று மெயின் குடை ஒழுங்காக விரிந்தது, அதனால் பிழைத்தேன். கைப்பிடியைத் தேடித் தடவின அந்தச் சில செக்கன்களை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஹார்னஸை நின்றுகொண்டு பார்க்கக் கூடாது, தொங்கிப் பார்க்க வேண்டும். முற்றத்து மாமரக் கொப்பில் கயிறு போட்டு, தோள் நாடாக்களை அதில் கட்டி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தம்பியைத் தொங்கவிட்டேன். அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து பார்த்தா. கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு, பிறகு ரிசேர்வைத் திறக்கிற வெள்ளி, இரண்டையும் பிடி என்றேன். நாலு தரம் செய்தான், நாலு தரமும் கை நேரே போனது. நெஞ்சு வார் நெஞ்சிலேயே நின்றது. கால் வார் மட்டும் அரை அங்குலம் இளகியது, அதைக் குறித்து வைத்தேன்.

பிறகு பாயை விரித்து ரிக்கைக் குப்புறப் போட்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தோம். கால் வாரை இறுக்குகிற கொக்கியில், நாடா மடிந்து உட்காருகிற இடத்தில், மண்ணிறமாக ஒரு கறை. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. கறள்தான். கட்மியம் பூசின இரும்பில் பூச்சு தேய்ந்த இடத்தில் அது பிடிக்கும். கடற்கரையில் இறங்கிக் குதித்த ரிக்கில் இன்னும் கெதியில் பிடிக்கும். பருத்தித்துறைக் காற்றில் என் வீட்டு யன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்க்கிறவனுக்கு இது புதிதில்லை. கறள் நைலோனையும் அரிக்கும், அதனால் கறையின் கீழே இழை நொய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இல்லை. புது வெக்டரில் எல்லா வளையத்தையும் கொக்கியையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்கலாம், உப்புக் காற்றுக்கு அதுதான் சரி. ஆனால் அதன் வழவழப்பில் நாடா மெல்ல இளகுவதுண்டு, கால் வாரை அடிக்கடி பார்க்கப் பழக வேண்டும்.

தையல் சுத்தம். ஒரு இடத்தில் வெல்குரோவின் முள்ளுப் பக்கம் உரசி நாடா மயிர்விட்டிருந்தது, பயமில்லை. மெயினை இழுத்தெடுக்கிற சின்னக் குடையைச் செருகி வைக்கிற கீழ்ப் பையின் இலாஸ்டிக் தொய்ந்துபோய்க் கிடந்தது, அதை மாற்றாமல் ஒரு குதிப்பும் குதிக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன், குடை தானாக வெளியே வந்து விமானத்தின் வாலில் மாட்டுகிற வழி அது. மாற்ற அதிகம் செலவில்லை. செலவு வைப்பது ஹார்னஸின் அளவை மாற்றுவது, அது இங்கே தேவைப்படவில்லை.

லேபிளையும் படிக்க வேண்டும். சி23சி என்ற பழைய அமெரிக்கப் பரசூட் தரத்தில் பி பிரிவு என்றால் எல்லை 254 பவுண்ட் எடை, 150 நொட் வேகம். பிறகு வந்த சி23டியில் எடையையும் வேகத்தையும் நேரடியாகவே எழுதியிருப்பார்கள். ரிசேர்வ் குடைக்கு வேறு லேபிள் உண்டு, இரண்டில் குறைந்ததுதான் உன் கணக்கு, அதுவும் ரிக், ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து. உள்ளே தானாக ரிசேர்வைத் திறக்கிற சைப்ரஸ் 2 என்ற கருவி இருந்தது. இப்போது வருகிறவற்றுக்கு ஆயுள் 15.5 ஆண்டு, அதே வேலை செய்கிற விஜில் கருவிக்கு 20. இதில் மிச்சம் நாலு வருசம், அந்த அளவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

எனக்குப் பட்டது ஜாவலின்தான். தம்பி இப்போது 190 சதுர அடிக் குடையில் பறக்கிறான், இரண்டு வருசத்தில் 150க்கு வந்துவிடுவான். இன்றைக்கு 190க்கு என்று தைப்பிக்கிற வெக்டர் பைக்குள் நாளைக்கு 150 லொடலொடக்கும், அது பாதுகாப்பும் இல்லை. புதிதாகத் தைப்பிப்பதை அப்போது செய்யட்டும், ஸ்கைஹூக்கோடும் ஸ்டெயின்லெஸ்ஸோடும்.

ஆனால் என் பார்வையை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்க விதிப்படி ரிசேர்வை 180 நாளுக்கு ஒருக்கால் ரிக்கர் பிரித்து மடிக்க வேண்டும், 2008 வரை அது 120 நாளாக இருந்தது. இந்த ரிக்கின் தவணையும் முடிகிறது. டுபாய் போனதும் ரிக்கர் முன்னால் அதை உடம்பில் மாட்டிக்கொண்டு, வெள்ளிக் கைப்பிடியைத் தானே இழுத்துத் திறக்கப்போகிறான். 22 பவுண்டுக்கு மேல் இழுவை கேட்கக் கூடாது, கிணற்றிலிருந்து பத்து லீற்றர் வாளியைத் தூக்குகிற பாரம்தான். எவ்வளவு எடுத்தது என்று தராசு வைத்துப் பார்த்து எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.