தார்ப்பாய் ஓரத்தில் படித்த இரண்டு கதைகள்

இரண்டு கதைகளின் முடிவையும் சொல்லாமல் இதை எழுத முடியாது. அவற்றை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியது, அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு' (1926). தை மாதம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கப் பகலில் காயப்போடுவதும் ராத்திரி காவலுமாகக் கிடந்தேன். மூன்று ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் முடித்தேன்.

கதை சொல்பவர் ஊர் டாக்டர். துப்பறிகிற ப்வாரோ பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுக்கு வந்து தோட்டம் போட்டவர், வெறுத்துப்போய் ஒரு காயைச் சுவருக்கு இந்தப் பக்கம் வீசுகிறார். விவசாயிக்கு அந்த இடம் பிடிக்காமல் இருக்குமா? பணக்காரர் அக்ராய்டு கொலையாகிறார். நடுவில் அவர் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியம் என்று கொஞ்சம் இழுவை. கடைசியில்தான் தெரிகிறது, கொன்றவரே டாக்டர்.

கோபம் வந்தது. நாலாம் அத்தியாயத்துக்குத் திரும்பப் புரட்டினேன். ராத்திரி 8.40க்கு அக்ராய்டுக்குக் கடிதம் வருகிறது. 8.50க்கு டாக்டர் அவர் அறையை விட்டுக் கிளம்புகிறார். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கதவில் கைவைத்தபடி, ஏதாவது விட்டுப்போச்சா என்று திரும்பிப் பார்த்ததைக்கூட எழுதியிருக்கிறார். நான்தான் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்புறம் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் 'வாளின் வடிவம்' (1942). டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் சிறுகதை. முகத்தில் தழும்புள்ளவன், அயர்லாந்துச் சண்டையில் தன்னைக் காட்டிக்கொடுத்த கோழையைப் பற்றிச் சொல்கிறான். அந்தக் கோழையே தான்தான் என்று கடைசியில் ஒப்புக்கொள்கிறான். தழும்பு முதல் வரியிலேயே இருக்கிறது. பாதியில் ஊகித்துவிட்டேன், ஆனாலும் நெஞ்சை அடைத்தது. நேராகச் சொல்லியிருந்தால் யாரும் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் அவன் மறைத்ததற்குக் காரணம்.

நாவலில் நம்பிக்கை ஊற நாளாகும், மேட்டூர் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேருகிற மாதிரி. அவ்வளவு பழகியபின் ஏமாற்றுவதென்றால் வழியெல்லாம் தடயம் வைத்திருக்க வேண்டும். கிறிஸ்டி வைத்திருக்கிறார். சிறுகதைக்கு அந்தக் கடன் இல்லை, சொல்கிறவனின் வெட்கம் ஒன்றே போதும்.

நாவலை இரண்டு தடவை படிக்க நேரம் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இரண்டாம் தடவை எனக்குக் கொலை பெரிதாகத் தெரியவில்லை. இது அக்கா கரோலினுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று கடைசிப் பக்கத்தில் அந்த டாக்டர் தவிக்கிற தவிப்புதான் தெரிந்தது.