தொகுதி மறுவரையறை: கூட்டத்தில் பேசுவதா, முழு வரைபடம் போடுவதா, பகுதியைக் குறித்துக் கொடுப்பதா?

அமெரிக்காவில் பத்தாண்டுக்கொருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைகிறார்கள். பொதுமக்கள் அதில் தலையிடப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே பலன் இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவது எளிது. ஆனால் பெரும்பாலும் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். "எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால், எந்தத் தெரு வரை உங்கள் ஊர் என்பது வரைபவருக்குத் தெரியாது. வரைவு வெளியான பிறகு, குறிப்பிட்ட ஒரு கோட்டைக் காட்டி "இதை ஆற்றங்கரைக்கு நகர்த்துங்கள்" என்று கேட்பதற்கே இந்த வழி பொருத்தம். அயோவா மாநிலத்தில் முதல் வரைவு வந்த பின்புதான் கூட்டங்கள் நடக்கின்றன, குறைந்தது மூன்று.

முழு வரைபடம் போடுவது இன்னொரு கோடி. டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங், டிஸ்ட்ரிக்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கோட்டை நகர்த்தினால் பக்கத்துத் தொகுதிகளின் மக்கள் எண்ணிக்கையும் குலையும். 2020 கணக்குப்படி நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7,61,000 பேர். ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகள் கிட்டத்தட்ட சமமாக இருந்தாக வேண்டும். வரைபடத்தைக் கணினிக் கோப்பாக அனுப்பும்போதும் வினை வரும். அந்தக் கோப்பில் இருப்பது கணக்கெடுப்பு பிளாக் எனப்படும் மிகச் சிறிய நிலப்பகுதிகளின் பட்டியல். ஒரு பிளாக்கின் குறியீடு 15 இலக்கம். கலிஃபோர்னியாவுக்கு அது 06 என்று தொடங்கும். அந்தக் கோப்பை எக்செலில் திறந்து சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். 14 இலக்கமாகிப் போன குறியீடு எந்த பிளாக்கோடும் பொருந்தாது. அந்த நெடுவரிசையை எண்ணாக அல்ல, எழுத்தாகவே திறக்க வேண்டும். "வேறு வழியே இல்லை" என்று எல்லை வரையும் ஆணையம் சாதிக்கும்போது, இருக்கிறது என்று நிரூபிக்க இந்த உழைப்பு தகும். மற்ற நேரத்தில் வாரக்கணக்கில் உட்கார வேண்டாம்.

எங்கள் தேர்வு மூன்றாவது: உங்கள் பகுதியை மட்டும் வரைபடத்தில் குறித்து, ஒரு பக்கக் குறிப்போடு அனுப்புவது. நான்கு எல்லைகளையும் தெரு, ஓடை, ரயில் பாதை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பிறகு அங்குள்ளவர்களைச் சேர்த்து வைப்பது எது என்று சொல்லுங்கள்: ஒரே பள்ளி மாவட்டம், ஒரே பேருந்துத் தடம், ஒரே வெள்ளப் பிரச்சினை. கட்சி, பதவியில் இருப்பவர், வேட்பாளர் பற்றிய பேச்சு வேண்டாம். கலிஃபோர்னிய அரசியல் சாசனம் அவற்றைச் சமூகப் பிணைப்பாகவே ஏற்பதில்லை. கணக்கெடுப்புக்குப் பிறகு அங்கே எல்லைகளை வரைவது 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம். சட்டமன்றமே வரையும் மாநிலங்களில் உங்கள் குறிப்பை ஒதுக்கிவிடலாம். ஆனாலும் பின்னால் வழக்கு வந்தால் எழுத்துப் பதிவு கைகொடுக்கும்.

பலர் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. 60,000 பேர் வாழும் பகுதி தனி நாடாளுமன்றத் தொகுதியாகாது. வேறு எதனோடாவது சேர்ந்தே தீரும். எந்தப் பக்கத்து ஊரோடு சேர்க்கலாம், வெட்டியே ஆக வேண்டுமென்றால் எந்தச் சாலையில் வெட்டலாம் என்பதையும் எழுதுங்கள். வரைவு வெளியாகும் முன்பே அனுப்பிவிடுங்கள்.